கேலிப்பருக்கு ஒரு பெயின்ட், டிரம்முக்கு வேறு

காரின் பிரேக் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஆசை நம் ஊரில் பரவியதற்கு முதல் காரணம் அலாய் வீல். பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துச் சக்கரம் இரும்புத் தகடு. அதன்மேல் பளபளக்கும் ஒரு வீல் கப். உள்ளே இருக்கும் டிரம் என்ன நிறம் என்பது மெக்கானிக்குக்கு மட்டும் தெரிந்த விஷயம். இன்று கம்பிகளுக்கு இடையே கை நுழையும் அளவுக்குத் திறந்த சக்கரங்கள் வந்துவிட்டன. முன்னால் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரும், பின்னால் டிரம்மும் தெருவில் போகிறவர் கண்ணுக்கே தெரிகின்றன. வார்ப்பிரும்பு டிரம் ஒரு மழைக்காலத்திலேயே காவியேறிவிடும். தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ சென்னையின் கடலோரத் தெருவிலோ நிற்கும் வண்டிக்கு மழைகூட வேண்டாம், உப்புக் காற்றே போதும். அறுபதாயிரம் ரூபாய் அலாய் வீலுக்குப் பின்னால் துருப்பிடித்த டிரம் தெரிவதை எந்த உரிமையாளரும் விரும்புவதில்லை.

பெயின்ட் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை டிகிரி தாங்கும்? டப்பாக்களும் அதற்கேற்பவே பேசுகின்றன. டியூப்ளி-கலர் கேலிப்பர் பெயின்ட் 260 டிகிரி செல்சியஸ் என்கிறது. வி.எச்.டி. நிறுவனத்தின் கேலிப்பர் பெயின்ட் சுமார் 480 என்கிறது. சைலன்சருக்கென்று விற்கும் ஸ்பிரே 650, 700 என்று ஏறுகிறது. பெரிய எண் உள்ள டப்பாவை எடுப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். கேலிப்பரைப் பொறுத்தவரை அது தவறான தேர்வு என்பதே என் கருத்து. டிரம் விஷயத்தில் அந்த எண்ணுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. இரண்டுக்கும் ஒரே டப்பா என்று விற்கப்படுவதுதான் குழப்பத்தின் வேர்.

முதலில் சூடு எங்கே பிறக்கிறது என்று பார்க்கலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 385 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் டிஸ்க்குகளுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க் ஒன்று ஐந்து கிலோ என்றால், அந்த ஒரு நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை சுமார் 60 டிகிரி கூடும். சமவெளியில் அடுத்த சிக்னலுக்குள் காற்று அதை இழுத்துக்கொண்டுவிடும். மலை இறக்கத்தில் கணக்கே வேறு. ஊட்டி 2240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1900 மீட்டர் குறைகிறது. குடும்பத்தோடு 1200 கிலோ இருக்கும் கார் அந்த இறக்கத்தில் இழக்கும் ஆற்றல் சுமார் 22 மெகாஜூல், அதாவது வீட்டு மீட்டரில் ஆறு யூனிட் மின்சாரம். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினும் காற்றும் டயரும் அதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் பிரேக்கின் பங்கு பல மடங்கு ஏறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கல்லட்டி இறக்கத்தின் 36 வளைவுகளிலும் பிரேக் கருகும் நாற்றம் வருவது இதனால்தான்.

இந்தச் சூடு நேராகப் பாய்வது டிஸ்க்கிலும் டிரம்மிலும். கேலிப்பருக்கு அது பேட் வழியாகவும் பிஸ்டன் வழியாகவும் வடிகட்டி வருகிறது. பந்தயக் குழுக்கள் அளக்கும் முறையைப் பார்த்தாலே இந்த வேறுபாடு விளங்கும். டிஸ்க் விளிம்பில் அவர்கள் பூசும் வெப்பங்காட்டிப் பெயின்ட் 430, 560, 610 டிகிரிகளில் நிறம் மாறும். கேலிப்பரில் ஒட்டும் வெப்பப் பட்டைகள் பெரும்பாலும் 150-இல் தொடங்கி 260 வாக்கிலேயே முடிந்துவிடுகின்றன. பந்தயத் தளத்தில் நிலை இது என்றால், அண்ணா சாலை நெரிசலில் ஓடும் காரின் கேலிப்பர் பெரும்பாலான நாள்களில் நூறு டிகிரியைத் தொடுவதே அபூர்வம்.

கேலிப்பருக்கு ஏன் 260 டிகிரிக்கு மேல் தாங்கும் பெயின்ட் தேவையில்லை என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் அதன் உள்ளேயே இருக்கிறது. பிரேக் ஆயில்தான் அது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அவற்றின் எல்லைகள் 140, 155, 180 என இறங்கிவிடுகின்றன. இரண்டு மூன்று வருடம் ஆயில் மாற்றாத வண்டியில் இந்தக் குறைந்த எண்ணுக்கு அருகில்தான் நிலைமை இருக்கும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் நிறையும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆகவே 260 டிகிரி தாங்கும் பெயின்ட் கருகும் அளவுக்குச் சாதாரணக் காரின் கேலிப்பர் சூடானால், பெயின்டுக்கு முன்பே பிரேக் போயிருக்கும். 650 டிகிரி டப்பாவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஆயில் மாற்றச் செலவிடுவதே மேல்.

அப்படியானால் கேலிப்பர் பெயின்டுக்கு உண்மையான எதிரி எது? மறுபடியும் அதே பிரேக் ஆயில்தான். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தவை. சாதாரணப் பெயின்டை அவை தின்னர் போலக் கரைத்துவிடும். ஒவ்வொரு முறை பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போதும் பிளீடர் முனையிலிருந்து சில துளிகள் கேலிப்பர் மேல் வழியத்தான் செய்யும். சில நிமிடங்களில் பெயின்ட் சுருங்கி, தோல் உரிவது போல் எழும்பி வந்துவிடும். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 மட்டும் இதற்கு விலக்கு. அதை நம் சாலைக் கார்களில் ஏறக்குறைய யாரும் பயன்படுத்துவதில்லை. அதற்கு அடுத்த எதிரிகள் டயர் வாரி எறியும் கல், சக்கரம் கழுவும் ரசாயனம், சூடான இரும்புத் தூளாகப் பறந்து வந்து பதியும் பிரேக் தூசி. இவற்றில் எதைப் பற்றியும் அந்த டிகிரி எண் ஒன்றும் சொல்வதில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சந்தையில் கிடைப்பவற்றை எடைபோடலாம்.

வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்சைடும் எனாமலும் பல பட்டறைகளில் இன்றும் டிரம்மிலும் கேலிப்பரிலும் ஏறுகின்றன. இவை ஆல்கைடு வகை. கேட்டுக்கு நல்லவை, இங்கே உதவாதவை. சூட்டில் மஞ்சளிக்கும், மிருதுவாகும், பிரேக் ஆயில் பட்டால் கரையும். இன்னொரு குறையும் உண்டு. இன்றைய கேலிப்பர்கள் பல தொழிற்சாலையிலேயே துத்தநாக முலாம் பூசி வருகின்றன. ஆல்கைடில் உள்ள எண்ணெய் அமிலங்கள் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு போன்ற ஒரு படலத்தை இடையில் உண்டாக்கும். மேலே பெயின்ட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அடியில் பிடிப்பு போய்விடும். பழைய கூரைத் தகட்டில், அதாவது ஜிங்க் ஷீட்டில், எனாமல் பொருக்குப் பொருக்காக உதிர்வதும் இதே காரணத்தால்தான்.

சைலன்சர் ஸ்பிரே எனப்படும் சிலிக்கோன் ரெசின் பெயின்ட் பலரை ஏமாற்றுகிறது. பெயின்டின் மேல் குற்றமில்லை, இடம்தான் தவறு. இந்தப் பெயின்ட் காற்றில் காய்வது பாதி வேலை மட்டும். மீதியைச் சூடுதான் முடிக்க வேண்டும். வி.எச்.டி.யின் எஞ்சின் புகைபோக்கிப் பெயின்டுக்கு 120, பிறகு 200, பிறகு சுமார் 315 டிகிரி என்று படிப்படியாக, இடையிடையே ஆறவிட்டு, வேகவைக்கச் சொல்கிறார்கள். புகைபோக்கிக் குழாய் தானே அந்தச் சூட்டை எட்டிவிடும். கேலிப்பர் எட்டாது, எட்டவும் கூடாது. ஆகவே 700 டிகிரி தாங்கும் என்ற டப்பாவை கேலிப்பரில் அடித்தவரின் பெயின்ட் ஆயுள் முழுவதும் அரைவேக்காடாகவே இருக்கும். நகத்தால் சுரண்டினால் வரும், பிரேக் ஆயில் ஒரு துளி போதும். கேலிப்பருக்கென்றே தயாரிக்கும் ஸ்பிரேக்கள் இதைவிடக் குறைந்த சூட்டில், 90 டிகிரி அளவில் முழுமையாகும்படி செய்யப்பட்டவை. அடிக்கச் சுலபம், பூச்சு மெல்லியது. இரண்டு மூன்று வருடத்துக்கு நன்றாகவே இருக்கும்.

என் தேர்வு இரு பாகப் பெயின்ட். அதாவது பெயின்டும் ஹார்டனரும் தனித்தனியாக வந்து, கலந்தபின் சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டிய வகை. ஜெர்மனியின் ஃபோலியாடெக், அமெரிக்காவின் ஜி2 ஆகியவை கேலிப்பருக்கென்று விற்கும் செட்டுகள் இந்த வகையே. இரு பாகப் பெயின்டில் எபாக்சி வகை ரசாயனப் பிணைப்பால் இறுகுகிறது. அதற்கு வெளிச்சூடு தேவையில்லை, இறுகிய பின் பிரேக் ஆயில் எளிதில் கரைக்காது, கல்லடியையும் தாங்கும். இன்னொரு வசதி, பிரஷ்ஷால் பூசலாம். கேலிப்பரை வண்டியிலிருந்து கழற்றாமல், பிரேக் குழாயைத் திறக்காமல், ஒரு மாலைப்பொழுதில் வேலையை முடிக்கலாம். பூச்சு தானே சமன்பட்டுவிடுவதால் பிரஷ் கோடு தெரிவதில்லை. எபாக்சி வெயிலில் மெல்ல வெளிறும் என்பது உண்மை. சக்கரத்துக்குள் நேர் வெயில் குறைவு என்பதால் அந்தக் குறை இங்கே பெரிதாகப் படுவதில்லை. டிங்கரிங் பட்டறையில் பாடிக்கு அடிக்கும் இரு பாகப் பி.யு. பெயின்டும் எபாக்சி பிரைமர் மேல் அடித்தால் கேலிப்பரில் நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை ஸ்பிரே செய்பவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பது நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. தகுந்த மாஸ்க் இல்லாத இடத்தில் அந்த வேலையை ஒப்படைக்கவே கூடாது.

பவுடர் கோட்டிங் எல்லாவற்றையும்விட உறுதியானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு 180 முதல் 200 டிகிரி அடுப்பு வேண்டும். கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் ரப்பரும் டஸ்ட் பூட்டும் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். எனவே கேலிப்பரை முழுக்கப் பிரித்து, சாண்ட் பிளாஸ்டிங் செய்து, துளைகளை அடைத்து, கோட்டிங் முடித்து, புது ரப்பர் கிட் போட்டு, காற்று எடுத்து என்று வேலை நீளும். கேலிப்பரை எப்படியும் ஓவர்ஹால் செய்யப்போகிறவருக்கு இது பொருந்தும். அழகுக்காக மட்டும் நன்றாக வேலை செய்யும் கேலிப்பரைப் பிரிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

டிரம்முக்கு வந்தால் நியாயம் தலைகீழாகிறது. இங்கே சூடு வடிகட்டி வருவதில்லை; ஷூ உரசும் அதே இரும்பின் மறுபக்கத்தில்தான் பெயின்ட் இருக்கிறது. மலை இறக்கத்தில் அந்த மேற்பரப்பு கேலிப்பர் காணாத சூட்டைக் காணும். பிரேக் ஆயிலோ டிரம்முக்கு வெளியே வருவதே இல்லை. வீல் சிலிண்டர் ஒழுகி அது வெளியே வந்தால் பெயின்டைப் பற்றிக் கவலைப்படும் நேரம் அல்ல அது. டிரம்மில் ரப்பரும் கிடையாது, கழற்றினால் தனியாகக் கையோடு வந்துவிடும். ஆகவே கேலிப்பருக்குப் பொருந்தாத அந்தச் சிலிக்கோன் ரெசின் பெயின்ட் டிரம்முக்கு மிகப் பொருத்தம். அதற்கு வேண்டிய சூட்டை எட்டும் அடுப்பில் படிப்படியாகச் சூடேற்றி எடுத்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். எபாக்சி சமவெளி வண்டியின் டிரம்முக்குப் போதும், நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வாழும் வண்டிக்குப் போதாது.

பெயின்ட் சூட்டை அடைத்துவிடாதா என்ற கேள்வி எப்போதும் எழும். நூறு மைக்ரான் பூச்சு வெப்பத்துக்குக் கொடுக்கும் தடையையும், டிரம்மைச் சுற்றி ஓடும் காற்று கொடுக்கும் தடையையும் ஒப்பிட்டால், பெயின்டின் பங்கு இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டாது. அடுக்கடுக்காகக் கெட்டியாக அப்பினால்தான் கவலை. நிறத்துக்கு மட்டும் கொஞ்சம் பொருள் உண்டு. கறுப்புப் பூச்சு வெப்பக் கதிர்களை நன்றாக வெளியேற்றும். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பெயின்ட் அதில் பாதிகூடச் செய்யாது. நகரச் சூட்டில் இந்த வித்தியாசம் புலப்படாது. 300 டிகிரியை நெருங்கும்போது கதிர்வீச்சின் பங்கு கணிசமாகிறது. நம் பட்டறைகள் டிரம்முக்கு வழக்கமாக அடிக்கும் வெள்ளிப் பெயின்டைவிடக் கறுப்பே அறிவியலுக்குப் பொருந்தும், துருவையும் தூசியையும் மறைக்கும்.

எதை அடிப்பது என்பதைவிட எங்கே அடிக்கக் கூடாது என்பது முக்கியம். இந்த ஒரு பகுதியை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பிழைத்தால் அழகு போவதோடு நிற்காது. டிஸ்க்கில் பேட் உரசும் முகமும் டிரம்மின் உள்வட்டமும் பெயின்ட் படவே கூடாத இடங்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பவை வேறு. கேலிப்பர் பிராக்கெட்டில் பேடின் காதுகள் வழுக்கி நகரும் இரண்டு படிகள். அங்கே பெயின்ட் ஏறினால் பேட் பிடித்துக்கொள்ளும், பெடலை விட்ட பிறகும் உரசும், ஒரு பக்கம் மட்டும் தேயும். அடுத்து கைடு பின்கள், பிஸ்டன், ரப்பர் பூட், பிளீடரின் வாய், ஏபிஎஸ் சென்சார். டிரம்மில் ஹப் மேல் உட்காரும் முகமும், வீல் வந்து அமரும் முகமும். இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே பெயின்ட் அடுக்கு இருந்தால் ஓட்டத்திலும் சூட்டிலும் அது நசுங்கும், நசுங்கிய அளவுக்கு வீல் நட்டின் இறுக்கம் தளரும். டிரம்மைத் தள்ளிக் கழற்ற 8 எம்.எம். போல்ட் செலுத்தும் மரையுள்ள துளைகளையும் அடைத்துவிடக் கூடாது. அடுத்த முறை மெக்கானிக் சுத்தியலைத் தேட வேண்டிவரும்.

எந்தப் பெயின்டின் ஆயுளையும் தீர்மானிப்பது அடித்தளம். முதல் வேலை தூசி. பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. எனவே டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றால் ஊதும் பழக்கம் ஆபத்தானது. ஈரப்படுத்தித் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், கடைசியில் பிரேக் கிளீனர். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைப்பது அவசியம். குளோரின் சேர்ந்த கிளீனர் காயாமல் இருக்கும்போது ஹீட் கன் காட்டுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது; நச்சு வாயு உண்டாகும். அலுமினியக் கேலிப்பர் என்றால் இரும்புக் கம்பி பிரஷ்ஷைத் தவிர்த்து நைலான் நாரைப் பயன்படுத்த வேண்டும். இரும்புத் துகள் அதில் பதிந்தால் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். சுரண்டியும் போகாத துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் இருக்கிறது. அதில் உள்ள டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுத்து உறுதியாகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே வினையால்தான். ஆனால் அதிகம் சூடேறும் டிரம்மில் கன்வர்ட்டரை நம்பாமல் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பதே நல்லது. முலாம் கெடாத கேலிப்பரில் அந்த முலாமைச் சுரண்டி எடுத்துவிடக் கூடாது. அதுதான் முதல் காவல். லேசாகச் சொரசொரப்பாக்கி எபாக்சி பூசினால் போதும். வாங்கப்போகும் பெயின்ட் ஆயிலைத் தாங்குமா என்று அறிய ஒரு பழைய இரும்புத் துண்டில் அடித்து, முழுக்கக் காய்ந்ததும் ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டு, மறுநாள் துணியால் துடைத்துப் பார்த்தால் போதும். டப்பாவில் எழுதியிருப்பதைவிட இது நம்பகமானது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புக் கேலிப்பருக்குப் பெயர் வாங்கித் தந்தவை போர்ஷேயும் இத்தாலியின் பிரெம்போவும்தான். போர்ஷேயில் மஞ்சள் என்றால் செராமிக் டிஸ்க், வெள்ளை என்றால் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க், பளீர்ப் பச்சை என்றால் ஹைபிரிட். சாதாரண ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பருக்குச் சிவப்பு அடிப்பதால் வண்டி ஒரு அடிகூட முன்னதாக நிற்காது. பார்க்க நன்றாக இருக்கிறது என்பது போதுமான காரணம்தான். நிறமியின் குணத்தைத் தெரிந்துகொள்வது உதவும். பிரகாசமான சிவப்பும் மஞ்சளும் தரும் கரிம நிறமிகள் பல 200 டிகிரிக்கு மேல் வெளிறும். மஞ்சள் இரும்பு ஆக்சைடு அந்தச் சூட்டில் நீரை இழந்து சிவப்பாகவே மாறிவிடும். அதிவெப்பப் பெயின்ட் பெரும்பாலும் கறுப்பு, சாம்பல், வெள்ளி என்று சில நிறங்களிலேயே கிடைப்பதற்கு இதுவே காரணம். கேலிப்பரில் எந்த நிறமும் தாங்கும். டிரம்முக்குச் சிவப்பு வேண்டாம்.

பெயின்ட் அடிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் சிவப்பு பிளாஸ்டிக் கேலிப்பர் கவர்கள் தொங்குகின்றன. இவற்றை மாட்டவே வேண்டாம். காற்றோட்டத்தை மறைக்கும், பிடிப்பு தளர்ந்தால் சுழலும் சக்கரத்துக்குள் விழும்.

மின்சாரக் கார்கள் வந்தபின் இந்தக் கேள்வி இன்னொரு பக்கம் திரும்புகிறது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியில் சேர்த்துக்கொள்வதால் பிரேக்குக்கு வேலை குறைந்து, டிஸ்க் முகம்கூடத் துருப்பிடிக்கிறது. ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.4 போன்ற வண்டி பின்சக்கரத்துக்கு டிரம்மையே தேர்ந்தெடுத்ததற்கு, மூடிய டிரம்முக்குள் துரு எளிதில் புகாது என்பதும் ஒரு காரணம். அப்படியானால் இனி டிரம்முக்கும் சூட்டைப் பற்றிய கவலை இல்லாமல் எபாக்சியே போதும் என்று முடிவெடுக்கத் தோன்றும். ஆனால் ஊட்டியில் இரவு தங்கி, பேட்டரியை நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் மேட்டுப்பாளையம் இறங்கும் காரை எண்ணிப் பாருங்கள். நிறைந்த பேட்டரியில் சேர்க்க இடமில்லாததால், இறக்கத்தின் முதல் பகுதியில் மோட்டாரின் உதவி குறைந்துவிடும். அப்போது அந்த ஆற்றலை ஏற்க வேண்டியது மறுபடி டிஸ்க்கும் டிரம்மும்தான். மலைப்பாதையில் இறங்கும் பழக்கம் உள்ள மின்சாரக் காரின் டிரம்முக்கும் அடுப்பில் வேகவைத்த கறுப்புச் சிலிக்கோன் பூச்சையே நான் சொல்வேன்; மலைக்குச் செல்லாத வண்டி என்றால் எபாக்சி போதும்.